இளம் ஆராய்ச்சியாளரும் மக்கள் நலமும்: சித்தூர் மாவட்டம் தரும் பாடம்

(திருப்பதியில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)

வளர்முக நாடு ஒன்றில் மருத்துவப் பட்டமோ புள்ளியியல் பட்டமோ பெற்று வெளிவரும் இளைஞரைப் பல வழிகள் அழைக்கின்றன. தனியார் மருத்துவமனை நல்ல ஊதியம் தருகிறது. மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் உயர்கல்வியும் வசதியும் தருகிறது. அரசுப் பணி நிலையான வாழ்வைத் தருகிறது. கிராமம் கிராமமாகச் சென்று, எந்த நோய் யாரைத் தாக்குகிறது, ஏன் தாக்குகிறது, எவ்வாறு தடுக்கலாம் என்று ஆராயும் பணி மட்டும் அவரை அழைப்பதில்லை. தாமாக அப்பணியில் இறங்க விரும்புவோருக்கும் முதல் பத்தாண்டுகளைக் கடக்கும் வழி தெரிவதில்லை. அந்தப் பத்தாண்டுகளுக்கு நாடு எவ்வாறு நிதி வழங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

பொதுச் சுகாதார ஆய்வின் பயன், பொருளியல் நூல்கள் பொதுப் பண்டம் என்று கூறும் வகையைச் சேர்ந்தது. ஒரு புதிய மருந்தைக் கண்டறியும் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று விற்று முதலீட்டை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் இந்த ஊரில் வயிற்றுப்போக்கு குறையும் என்று கண்டறிந்தவர் அந்த அறிவை யாருக்கும் விற்க முடியாது. அறிந்தவர் அனைவரும் அதன் பயனைக் கட்டணமின்றி அடைகின்றனர். எனவே இத்தகைய ஆய்வில் தனியார் முதல் தானாக வந்து சேர்வதில்லை. அரசு முன்வராவிட்டால், தேவையான ஆய்வு நடைபெறாமலேயே போய்விடும். நடைபெறாத ஆய்வின் நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டை வெளிநாடுகளில் தேட வேண்டிய தேவை இல்லை. பழைய சித்தூர் மாவட்டத்திலேயே அது இருக்கிறது.

மதனப்பள்ளியில் நடந்தது

2022-ஆம் ஆண்டில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். உலர்ந்த தட்பவெப்பம் காரணமாக, கிறித்தவ மிஷன்கள் பல ஒன்றுகூடி அமைத்த காசநோய்ச் சானடோரியம் 1912-இல் அங்கே தொடங்கப்பட்டு, 1915 முதல் ஊருக்கு வெளியே ஆரோக்கியவரத்தில் நிலைபெற்றது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஓய்வு, நல்லுணவு, தூய காற்று ஆகியவையே சிகிச்சை.

நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்த நிறுவனத்தின் பணியில் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1948-ஆம் ஆண்டில் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலாகச் சோதனை முறையில் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி ஒன்று. அதே ஆண்டில் சென்னை கிண்டியில் தடுப்பூசி தயாரிக்கும் கூடம் அமைந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஜொஹான்னஸ் ஃபிரிமோட் மோலரின் தலைமையில், சானடோரியத்தின் சுவர்களைத் தாண்டி, நகர மக்களையும் சுற்றுவட்டக் கிராம மக்களையும் வீடு வீடாகப் பதிவு செய்து பரிசோதிக்கும் பணி 1950-இல் உருப்பெற்றது. நோயாளி மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திராமல், நோய் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவர் தேடிச் சென்றார். அதே மக்களை ஆண்டுக் கணக்கில் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தார். 1950 முதல் 1955 வரையிலான பணியின் விரிவான அறிக்கை 1960-இல் உலக நல நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. தடுப்பூசியின் பயனைப் பற்றிய கட்டுரை 1964-இல் வந்தது. அதில் ஃபிரிமோட் மோலருடன் ஜே. தாமஸ், ஆர். பார்த்தசாரதி ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. இங்கிலாந்தில் கிடைத்த அளவுக்குப் பாதுகாப்பை அத்தடுப்பூசி மதனப்பள்ளிக் கிராமங்களில் தரவில்லை என்பது அவ்வாய்வு காட்டிய உண்மை.

இங்கே கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. தொடங்கிய ஆண்டு 1950. முதல் பெரிய அறிக்கை 1960. தடுப்பூசி பற்றிய முடிவு 1964. மூன்றாண்டுத் திட்டமாக நிதி பெற்றிருந்தால், மக்கள் பதிவேடு முடிவதற்குள் பணமும் முடிந்திருக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக

மதனப்பள்ளிப் பணி தனித்து நிற்கவில்லை. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரி ஆய்வு, காசநோய் நகரங்களில் மட்டும் உள்ள நோய் என்ற எண்ணத்தை மாற்றியது. கிராமங்களிலும் அதே அளவில் நோய் இருப்பது தெரியவந்தது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எத்தனை சானடோரியங்களைக் கட்டினாலும் போதாது என்பது கண்கூடு.

இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தில், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் அதே மருந்துகளை ஓராண்டு அளித்துப் பார்த்தனர். குறைந்த உணவும் நெருக்கடியான குடியிருப்பும் இருந்தும், வீட்டுச் சிகிச்சை பெற்றோர் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. பெங்களூரில் 1959-இல் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனம் இதன் அடிப்படையில் மாவட்ட அளவிலான திட்டத்தை வகுத்தது. அதன் முன்மாதிரி 1961-இல் சித்தூருக்கு அண்டை மாவட்டமான அனந்தப்பூரில் செயற்பட்டது. 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் உருவாயிற்று.

அந்நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963-இல் வெளிவந்தது. கிராம மக்கள் அறியாமையால் நோயை மறைத்து வைக்கின்றனர் என்பது அந்நாளைய பொதுக் கருத்து. ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காசநோய்க் குறி உள்ளோரில் பாதிப் பேர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றிருந்தனர். இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். குறை மக்களிடம் இல்லை, நிலையங்களில் இருந்தது. இந்த ஒரே முடிவு, விளம்பரத்துக்குச் செலவிட இருந்த கவனத்தைச் சளிப் பரிசோதனைக்குத் திருப்பியது.

இப்பணிகளைச் செய்தோரின் வயதையும் நோக்க வேண்டும். சென்னை மையத்தின் பொறுப்பை ஏற்றபோது டாக்டர் வாலஸ் ஃபாக்ஸுக்கு வயது 35. பின்னாளில் உலக நல நிறுவனத்தின் தலைமை இயக்குநரான டாக்டர் ஹாஃப்டன் மாலர் காசநோய்ப் பணிக்காக 1951-இல் இந்தியா வந்தபோது 28 வயதினர். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமி, காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொண்டு முன்கழுத்துக் கழலையைத் தடுக்கும் சோதனையை 1956-இல் தொடங்கியபோது அவருக்கும் வயது சுமார் 35. குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் முன்னரே பயிற்சி பெற்றிருந்தார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக அமைந்தவை மூன்று: நிலையான ஊதியம், ஆய்வுக்கென ஒரு மக்கட்பகுதி, ஆண்டுக் கணக்கில் கலையாத ஆதரவு.

வளர்முக நாடுகளின் நிலை

இந்த மூன்றும் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலத்திலும் கிடைத்தனவல்ல. வளர்ச்சிக்கான நல ஆராய்ச்சி பற்றி ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 1990-இல் தன் அறிக்கையை அளித்தது. டாக்டர் ராமலிங்கசுவாமியும் வங்காளதேசத்தின் ஃபஜ்லே ஹசன் ஆபெதும் அதன் உறுப்பினர்கள். தடுக்கக்கூடிய அகால மரணச் சுமையில் 93 சதவிகிதம் வளர்முக நாடுகளின் மேல் இருக்க, உலக நல ஆராய்ச்சிச் செலவில் சுமார் 5 சதவிகிதமே அந்நாடுகளின் பிரச்சினைகளுக்குச் செல்கிறது என்று அக்குழு கணக்கிட்டது. ஒவ்வொரு வளர்முக நாடும் தன் நலச் செலவில் குறைந்தது 2 சதவிகிதத்தை ஆராய்ச்சிக்கும் ஆராய்ச்சித் திறனை வளர்ப்பதற்கும் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த அளவுகோலை இந்தியாவுக்கு வைத்துப் பார்க்கலாம். 2021-22-ஆம் ஆண்டுக்கான தேசிய நலக் கணக்குகளின்படி, மத்திய, மாநில அரசுகளின் நலச் செலவு சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் கோடி ரூபாய். அதில் 2 சதவிகிதம் ஏறத்தாழ 8,700 கோடி. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் மத்திய நல ஆராய்ச்சித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 3,900 கோடி. வேறு துறைகளும் நல ஆராய்ச்சிக்குச் செலவிடுகின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், இடைவெளி சிறிதன்று. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவே 2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவிகிதமாகத்தான் இருந்தது.

உள்நாட்டு நிதி குறைந்த இடத்தில் வெளிநாட்டு நிதி வருகிறது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. உலக நல நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆராய்ச்சி, பயிற்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது முதல் வளர்முக நாட்டு இளைஞர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பயிற்சி முடித்துத் தாய்நாடு திரும்புவோர் வெறுங்கையுடன் நிற்காதபடி, மீள்வருகை மானியம் என்ற ஒன்றையும் அது வழங்கியது. வங்காளதேசத்தின் மத்லபில் 1960-களிலிருந்து இன்றுவரை தொடர்ந்து நடைபெறும் மக்கட்பதிவு, காலரா ஆய்விலும் தாய்சேய் நல ஆய்விலும் பல தலைமுறை இளைஞர்களுக்குப் பள்ளியாக விளங்கி வருகிறது.

ஆயினும் வெளிநாட்டு நிதி கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. 2025-இல் அமெரிக்க அரசு தன் பன்னாட்டு வளர்ச்சி முகமையை மூடியபோது, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அதை நம்பி நடைபெற்ற ஆய்வுகள் இடைவழியில் நின்றன. ஊதியம் இழந்தோரில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவோர் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர்களே. மேலும், பிறர் பணத்தில் நடைபெறும் ஆய்வில் கேள்வியையும் பிறரே கேட்கின்றனர். சித்தூர் மக்களுக்கு எது முக்கியம் என்பதைத் தொலைவிலுள்ள ஒரு குழு முடிவு செய்யும் நிலை விரும்பத்தக்கதன்று.

ஏணியும் இல்லாத படிகளும்

நம் நாட்டில் திட்டங்களே இல்லை என்று கூறுவது பொருந்தாது. மருத்துவக் கல்லூரி மாணவர் இரண்டு மாதம் ஆய்வு செய்து பழகுவதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் குறுங்கால மாணவர் உதவித்தொகை வழங்கி வருகிறது. முனைவர் பட்டத்துக்கு இளநிலை, முதுநிலை ஆய்வு உதவித்தொகைகள் உள்ளன. 2023 ஜனவரி முதல் இவை மாதம் 37,000 ரூபாய், 42,000 ரூபாய் என உயர்த்தப்பட்டன. மத்திய உயிர்த் தொழில்நுட்பத் துறையும் இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008-இல் தொடங்கிய இந்தியக் கூட்டமைப்பு, மருத்துவ, பொதுச் சுகாதார ஆய்வாளருக்கும் ஐந்தாண்டு ஆதரவு அளிக்கிறது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், இளம் ஆய்வாளருக்கான பிரதம மந்திரி மானியத்தை 2024-இல் அறிவித்தது.

எனவே ஏணி இருக்கிறது. ஆனால் சில படிகள் இல்லை. பட்டமேற்படிப்பை முடித்தபின், நிலையான பணியிடம் பெறும்வரை உள்ள இடைக்காலம் முதல் குறை. இளம் ஆய்வாளருக்கான பெரிய மானியங்கள் பல, ஏற்கெனவே நிலையான பணியில் இருப்போருக்கே உரியவை. ஒப்பந்த அடிப்படையில் ஒரு திட்டத்திலிருந்து மற்றொரு திட்டத்துக்கு மாறி வாழும் ஆய்வாளர் அதற்கு விண்ணப்பிக்கவே இயலாது. மானியம் இருந்தால் பணியிடம் கிடைக்கும், பணியிடம் இருந்தால் மானியம் கிடைக்கும் என்ற வட்டத்துக்குள் அவர் சுற்றுகிறார்.

இரண்டாவது குறை, தேர்வு முறையில் உள்ளது. ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்ட விண்ணப்பங்கள் கருவிகளையும் விரைந்து வெளிவரும் கட்டுரைகளையும் காட்ட முடியும். களப்பணியோ மெதுவானது. கிராமத்தின் நம்பிக்கையைப் பெறவே ஓராண்டு வேண்டும். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால், களம் எப்போதும் இலேசாகத்தான் தோன்றும். புகழ்பெற்ற பெருநகர நிறுவனங்களுக்கு நிதி குவிவதும் இதன் விளைவே.

மூன்றாவது குறை, பணம் வந்து சேரும் வழியில் உள்ளது. இங்குள்ள அலுவலர்கள் இதை நன்கு அறிவர். ஆண்டு மானியத்தின் அடுத்த தவணை, முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழைப் பொறுத்தது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. சான்றிதழ் தயாராகி, தணிக்கையாகி, ஒப்புதலாகி அடுத்த தவணை வருவதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன. டெங்குக் கொசு மழைக்காலத்தில் பெருகுகிறது. கோப்பு நகரும்வரை அது காத்திருப்பதில்லை. ஒரு பருவம் தவறினால் அந்த ஆண்டின் தரவே இல்லை. கருவி வாங்குவதற்கான விதிகள் 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்குத் தளர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் களப்பணியாளரின் மாத ஊதியம் கருவியன்று. அது தாமதமாவதால் பயிற்சி பெற்ற கைகள் விலகிச் செல்கின்றன.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள கேள்விகள்

இப்பகுதியில் இளைஞர்களுக்கு ஏற்ற கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. திருமலைக்கு நாள்தோறும் அரை லட்சத்துக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வருகின்றனர். ஓரிரு நாளில் ஊர் திரும்புகின்றனர். கூட்டத்தில் பரவும் நோய்களை எவ்வாறு முன்கூட்டியே அறிவது என்பதற்கு இதைவிடப் பெரிய களம் அரிது. சித்தூர் மாவட்டம் பால்வளம் மிக்கது; கால்நடையிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைக் கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் சேர்ந்து ஆராய வேண்டிய இடம் இது. மதனப்பள்ளித் தக்காளி வயல்களில் மருந்து தெளிப்போரின் உடல்நலம், வறண்ட பகுதிகளின் குடிநீர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் கிராமங்களுக்குள் நுழைந்த விதம் ஆகியவை வேறு சில.

நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. திருப்பதியில் 1960 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993 முதல் பணியாற்றுகிறது. கால்நடைப் பல்கலைக்கழகமும் மகளிர் பல்கலைக்கழகமும் இங்கே உள்ளன. அருகில் சந்திரகிரியில் மத்திய நல ஆராய்ச்சித் துறையின் முன்மாதிரி ஊரக நல ஆய்வு அலகு அமைந்திருக்கிறது. சித்தூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளது. 1969 முதல் 1973 வரை அங்கே பதிவு செய்யப்பட்ட குழந்தைகளை அவர்கள் நடுவயதை அடையும்வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். சென்னையில் தேசிய நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம் களநோய்ப்பரவலியலில் பட்டமேற்படிப்பு நடத்துகிறது.

இங்குள்ள இளைஞருக்கு மற்றொரு தகுதியும் உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்குகின்றன. 1911 வரை இப்பகுதியின் பெரும்பாகம் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. எல்லைக் கோடு பின்னர் மாறினாலும் உறவும் வணிகமும் மாறவில்லை. நோயும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. மூச்சிரைப்பையும் மயக்கத்தையும் ஒரு தாய் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறாள் என்பதை அறிந்தவர் தயாரிக்கும் வினாப்படிவமே நம்பத்தக்க விடையைத் தரும். இந்த அறிவை எந்த மானியத்தாலும் வெளியிலிருந்து வாங்க முடியாது. இங்குள்ள இளைஞரை இங்கேயே நிறுத்திக்கொள்ளத்தான் முடியும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆதரவின் காலம் ஐந்தாண்டாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் மதிப்பீடு செய்து, தகுதியுடையோருக்கு மேலும் ஐந்தாண்டு நீட்டிக்க வழி வேண்டும். மதிப்பீட்டில் கட்டுரைகளின் எண்ணிக்கையோடு, பதிவேட்டின் தரம், மாவட்ட நல அலுவலர் பயன்படுத்திய முடிவுகள் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தரலாம்.

இரண்டாவதாக, இந்த ஆதரவு நிலையான பணியிடம் இல்லாதோருக்கும் கிடைக்க வேண்டும். பட்டம் முடித்தோருக்கும் வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கும் இரண்டாண்டு இணைப்பு மானியம் தரலாம். குழந்தை வளர்ப்பின் பொருட்டுப் பணியை நிறுத்திய பெண்களுக்கு வயது வரம்பைத் தளர்த்துவது இதன் இன்றியமையாத பகுதி.

மூன்றாவதாக, ஆய்வுக்கென ஒரு மக்கட்பகுதி நிலையாக இருக்க வேண்டும். சந்திரகிரி அலகைச் சுற்றியுள்ள சில மண்டலங்களில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி, நோய் ஆகியவற்றின் பதிவேடு தொடர்ந்து பேணப்படுமானால், ஒவ்வொரு இளைஞரும் வீட்டுக்கு எண்ணிடுவதிலிருந்து தொடங்க வேண்டியிராது. அப்பதிவேடு சாலையையும் கால்வாயையும் போன்றதொரு பொதுச் சொத்து.

நான்காவதாக, முதல் தவணையிலேயே 15 மாதச் செலவை வழங்கினால், நிதியாண்டு இடைவெளியில் களப்பணி நிற்காது. பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டாம் என்பதன்று. அது வந்து சேரும்வரை பணியாளருக்கு ஊதியம் இருக்க வேண்டும் என்பதே.

இதற்கு எவ்வளவு செலவாகும்? பட்டம் முடித்த ஆய்வுத் துணைவருக்கு இப்போது உள்ள மாத உதவித்தொகை 58,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பத்துப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்கு இது 3 கோடியே 48 லட்சம் ஆகிறது. வீட்டு வாடகைப்படி, பயணம், களப்பணியாளர், பரிசோதனை ஆகியவற்றுக்கு அதே அளவு தொகையைச் சேர்த்தால் சுமார் 7 கோடி. ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 41 லட்சத்து 74 ஆயிரம். ஆகவே தலைக்கு ஆண்டொன்றுக்கு மூன்றரை ரூபாய்க்கும் குறைவு. ஒரு குவளைத் தேநீரின் விலைகூட இல்லாத இத்தொகையில் பத்து இளைஞர்கள் ஐந்தாண்டு மாவட்டத்தின் நலத்தை ஆராய முடியும்.

இரண்டு ஐயங்கள்

படுக்கையும் மருந்தும் போதாத நாட்டில் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி நேர்மையானது. சென்னை ஆய்வே இதற்கு விடை. வீட்டிலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 193 நோயாளிகளைக் கொண்டு நிறுவியதால், கட்ட வேண்டியிருந்த படுக்கைகளின் செலவு நாட்டுக்கு மிச்சமாயிற்று. சானடோரியமாகப் பிறந்த ஆரோக்கியவரமும் இன்று பொது மருத்துவமனையாகப் பணிபுரிகிறது. எங்கே செலவு செய்ய வேண்டாம் என்று காட்டும் ஆய்வு, செலவுகளுள் மிகச் சிக்கனமானது.

பயன் தராத ஆய்வுகளுக்கும் பணம் போய்விடுமே என்பது மற்றோர் ஐயம். சித்தூருக்கு அண்மையில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனை சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் மக்களை உள்ளடக்கியது. முதியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முதற்கட்ட முடிவு. 1999-இல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. மதனப்பள்ளி ஐயுற்றதை அது நிலைநாட்டியது. இது தோல்வியன்று. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்கும் ஆற்றலுக்காக அத்தடுப்பூசி தொடர்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பியிராமல், நோயாளியைக் கண்டறிந்து குணப்படுத்துவதே வழி என்பது உறுதிப்பட்டது. பயன் இல்லை என்னும் முடிவுக்கு விலை கொடுப்பவர் சந்தையில் யாரும் இல்லை. அதற்கு விலை கொடுக்கக் கூடியது மக்களின் அரசு ஒன்றுதான்.

மாணவர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது, கேள்வி பெரிய நகரத்தில் பிறக்க வேண்டிய தேவை இல்லை என்பது. அலுவலர்கள் அறிய வேண்டியது, ஒரு மானியக் கோப்பில் காலக்கெடுவாக எழுதப்படும் எண், ஓர் இளைஞர் இம்மாவட்டத்தில் தங்குவதா வெளியேறுவதா என்பதை முடிவு செய்கிறது என்பது. மதனப்பள்ளியில் வீடு வீடாகச் சென்று எண்ணியவர்களுக்கு நாடு பத்தாண்டுக்கு மேல் பொறுமை காட்டியது. இன்று பட்டம் பெற்று வெளிவருவோருக்கும் அப்பொறுமை உரியது. அதை வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாக எழுதிவைப்பதே நிர்வாகத்தின் கடமை.